வரலை என்று ஒரு வரி

“…வரேன்னா வரேன்னு சொல்லு, வரலைன்னா வரலைன்னு சொல்லு. அவ்ளோதானே ஃபுண்டி? உங்க ஊருல வரலைங்கிறதுக்கு ஒரு வார்த்தையே இல்லியா?”

யோஹானா கேட்டது சுவாஹிலியில். என் காதுக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வந்து சேரும். தான்சானியாவில் பதினாறு அரவைப் பருவம் அவரோடு ஒரே தளத்தில் நின்ற பழக்கம். ஃபுண்டி என்றால் அங்கே கைவேலை தெரிந்தவர் என்று அர்த்தம். கொத்தனார் ஃபுண்டி, தையல்காரர் ஃபுண்டி, சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சுகிற நாங்களும் ஃபுண்டி. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் அந்த மொழியில் நீ, நீங்க என்று இரண்டு கிடையாது. அதனால் யார் பெரியவர் என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

போன வாரம் அவர் இப்படிக் கேட்டபோது நான் வெள்ளிமலையில், பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மகள் அங்கே பள்ளிக்கூட டீச்சர். அவள் குடியிருக்கும் வீட்டில் முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்கு சிக்னல் வராது, ரோட்டுக்கு வர வேண்டும். கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காகச் சாமை மூட்டைகளோடு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நம் ஊர் மில்லிலிருந்து ஆப்பிரிக்கா போகப் போகிறவர்கள் சிலர், “அங்க எப்படி இருக்கும்னு எழுதிக் குடுங்கண்ணே” என்று கேட்டு ரொம்ப நாளாகிறது. வெயிலும் சோறும் கொசுவும் அவர்களே போய்த் தெரிந்துகொள்வார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது யோஹானா கேட்ட கேள்வியைப் பற்றித்தான்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. எங்கள் ஊர் வடக்கனந்தலிலிருந்து மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வண்டியோடு என்னைக் கூட்டிப் போன அப்பா திரும்பிவிட்டார், நான் மில்லுக்குள்ளேயே தங்கிவிட்டேன். தரை கழுவுவதில் ஆரம்பித்து பேன்மேன் ஆவதற்குப் பதினாலு வருஷம் ஆனது. பேன் என்பது இரண்டாள் உயரத்துக்கு மூடிய இரும்புக் கொப்பரை. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பாகைக் காய்ச்சுவோம், அப்போதுதான் கம்மிச் சூட்டில் கொதிக்கும், கருகாது. எப்போது பாகில் சர்க்கரை குருணை பிடிக்கிறது, எப்போது இறக்கலாம் என்று சொல்கிறவன் பேன்மேன். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

ஆப்பிரிக்காவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போனேன். முதல் முறை கிளம்பும்போது வாசலில் நின்று, “சரி, நான் போறேன்” என்று சொல்லிவிட்டேன். என் மனைவி அலமேலு கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து உட்கார வைத்தாள். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வைத்தாள். “இன்னா வார்த்த அது, போறேன்னு? போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க” என்றாள். டிராக்டர்காரன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் தண்ணீர் குடித்து முடித்து, சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினேன்.

அந்த வார்த்தையை நான் ஆப்பிரிக்காவுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். பாஷையைக் காதால்தான் கற்றேன், யார் எதை அழகாகச் சொன்னாலும் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அதில் முதல் பக்கத்திலேயே இருப்பது ‘நிட்டாரூடி’. திரும்பி வருவேன் என்று அர்த்தம். ஒவ்வொரு வருஷமும் அரவை முடிந்ததும் இரண்டு மாதம் ஊருக்கு வருவேன். ஆலை வாசலில் யோஹானா என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் நிட்டாரூடி என்பேன். சொன்னபடி வந்தும் விடுவேன். என் இரும்புப் பெட்டி அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில், அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கும். சாவியும் அவரிடம்தான். லுங்கி, ரப்பர் செருப்பு, அந்த நோட்டு, அப்புறம் என் கண்ணாடித் துண்டு, இவ்வளவுதான் பெட்டியில்.

அந்தக் கண்ணாடித் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளங்கை அகலம் இருக்கும். கள்ளக்குறிச்சியில் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கியது. பேனுக்குள் குச்சியை விட்டு ஒரு சொட்டுப் பாகு எடுத்து, கண்ணாடியில் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குருணை தெரியும். எல்லோருக்கும் பொதுவாக அலமாரியில் நாலைந்து கண்ணாடி உண்டு. சட்டைப் பையில் சொந்தக் கண்ணாடி வைத்துக்கொள்வது தலைமை ஃபுண்டி ஒருவர்தான். யாரும் போட்ட சட்டம் இல்லை, அந்தத் தளத்துப் பழக்கம். எந்தப் பையில் கண்ணாடி இருக்கிறதோ அவர் பேச்சுதான் முடிவு. அந்த ஆலையில் அது எப்போதும் வெளியூர்க்காரர் பையில்தான் இருந்தது, என் காலத்தில் என் பையில். அந்த ஊர்க்காரர் ஒருவர் பையில் இருந்ததே இல்லை. யோஹானா அதைப் பற்றிப் பேசமாட்டார். அவர் மனைவி நேமா ஒரு முறை எனக்குக் கிழங்கு பரிமாறிக்கொண்டே, “இவரு சட்டைக்கு மட்டும் எதுக்குப் பை வெச்சித் தைக்கிறாங்கன்னு தெரியலை” என்றாள். யோஹானா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மேலாளர் மொரீஷியஸ்காரர். பேர் வீராசாமி. முப்பாட்டன் நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவராம். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, எங்களிடமிருந்து ‘பார்க்கலாம்’ என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டார், அதையும் எங்களைத் திட்டுவதற்கு. குரலை உயர்த்தமாட்டார். பேன் பக்கம் வந்தால் புறங்கையால் இரும்பைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஆம் அல்லது இல்லை, மூன்றாவது பதில் வாங்கமாட்டார். நான் ஒரு முறை “பார்க்கலாம் சார்” என்று இழுத்தபோது, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உள்ளே கொதிக்கிற பாகிடம் போய் ‘பார்க்கலாம்’ என்று சொல். அது காத்திருக்கிறதா என்று எனக்கு வந்து சொல்.” இதுவும் என் நோட்டில் இருக்கிறது.

பதினைந்தாவது பருவத்தில் எனக்குக் கண் மங்க ஆரம்பித்தது. சர்க்கரை வியாதி. ஊரில் அலமேலு இதைக் கேட்டுச் சிரித்தாள், “மில்லுல அள்ளித் தின்னது பத்தாதா, ஒடம்புலயும் காச்சிக்கினு இருக்கீங்க” என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளும் வழியும் தெரிந்தது, ஆனால் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தால் குருணை தெரியவில்லை, மஞ்சளாக ஒரு படலம்தான் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. யோஹானா தானாகவே தெரிந்துகொண்டார். ஒரு நாள் நான் கண்ணாடியை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றபோது, பக்கத்தில் வந்து ஒரு விரலைக் காட்டினார். நன்றாகப் போகிறது என்பதற்கு ஒரு விரல், பாகு கொடு என்பதற்கு இரண்டு விரல், ஆபத்து என்றால் கையை மூடிவிடுவது. அன்றையிலிருந்து அப்படியே நடந்தது. கண்ணாடி என் கையில், கண் அவருடையது. வெளியே யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டோம்.

பதினாறாவது பருவத்தின் நடுவில் ஒரு மத்தியான ஷிப்டு. மூன்றாம் நம்பர் பேன். பாகு கெட்டிப்பட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் இழை நீண்டு அறுகிற பதம். விதைக் குருணை போட்டாகிவிட்டது, அது பிடித்தும் விட்டது. அதற்கு மேல் பொறுமைதான் வேலை. குருணை வளர வளரப் புதுப்பாகு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறிப்போய் அவசரமாகக் கெட்டிப்பட்டால், நாம் போட்ட குருணைக்கு நடுவில் தூள் தூளாக வேறொன்று தானே பிறந்துவிடும். பொய்க் குருணை என்போம். அதை வளரவிட்டால், கீழே பாகையும் சர்க்கரையையும் பிரிக்கிற இயந்திரத்தின் சல்லடை அடைத்துக்கொள்ளும், ஒரு பேன் சரக்கும் கெடும்.

கண்ணாடியில் தடவிப் பிடித்தேன். யோஹானா பக்கம் சாய்த்தேன். அவர் கையை மூடினார். நான் நம்பவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் ஒரு விரல் காட்டியிருந்தார். தவிர, பார்க்க முடியாதவனுக்கு வீம்பு ஜாஸ்தி. “கொஞ்சம் பாக்கலாம்” என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் வெந்நீர் வால்வைத் திறந்தார். காற்று உறிஞ்சுவதைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே சூட்டை ஏற்றினார். தூளைக் கரைக்க வேண்டும், நல்ல குருணையைக் கரைத்துவிடக் கூடாது. அதற்கு அளவு கிடையாது. அவர் பேனின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றார். குருணை உள்சுவரில் உரசுகிற சத்தம் தெளிகிற வரைக்கும் கேட்பார். ஒரு கட்டத்தில் கையைத் தூக்கினார், வால்வை மூடினேன். மறுபடி கண்ணாடியைச் சாய்த்தேன். ஒரு விரல்.

திரும்பினால் வீராசாமி நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. புறங்கையால் பேனைத் தொட்டார்.

“பொய்க் குருணையா?”

“ஆமா சார்.”

“நீ பார்த்தாயா?”

ஆமா, இல்லை, இரண்டில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். நான், “நாங்க பார்த்தோம் சார்” என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்தார், யோஹானாவைப் பார்த்தார், என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

அரவை முடிந்த அன்று ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், பதினாறு வருஷத்தில் முதல் தடவை. “அடுத்த பருவம் வருகிறாயா? ஆமா, இல்லை?” என்றார். ஊரில் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, நிதானமாகச் சொன்னார். பாய்லர் பற்றவைக்கும் முன்பு உன்னிடமிருந்து ஒரு வரி வர வேண்டும். வரவில்லை என்று எழுதினால் அன்றைக்கே யோஹானா பேரைத் தலைமை ஃபுண்டி என்று பலகையில் எழுதிவிடுவேன். ஒன்றுமே எழுதாவிட்டால் உன் இடத்தை வைத்திருப்பேன், உனக்கு நான் கொடுத்த வாக்கு அது. இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் பேசியதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வாசலில் யோஹானா நின்றார். பெட்டி ஏற்கெனவே அவர் வீட்டுக்குப் போய்விட்டது. என் மனசுக்குள் தெரியும், இந்தக் கண் இனித் திரும்பாது. பெட்டியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து அவர் சட்டைப் பையில் நான் போட்டிருந்தால் போதும். ஒரு வரிகூட எழுத வேண்டியிருந்திருக்காது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

“நிட்டாரூடி.”

பாண்டிச்சேரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இன்னும் இரண்டு போட்டால் ஒருவேளை தேறலாம் என்றார் டாக்டர். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். கடிதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். ‘மரியாதைக்குரிய ஐயா’ வரைக்கும் வரும். வரலை என்று எழுதினால், ஏன் என்று எழுத வேண்டும். கண் போய்விட்டது என்று எழுதினால், எப்போதிலிருந்து என்று அவர் கேட்பார். இரண்டு பருவமாகக் கண்ணாடி மட்டும்தான் என்னுடையது என்பது வெளியே வந்துவிடும். அலமேலு ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

“இன்னா, ஒரு வாரமா அதே காயிதத்த வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கீங்க? வரலைன்னு ஒரு வார்த்த. அதுக்கு இவ்ளோ நாளா?”

“எழுதிட்டா முடிஞ்சி பூடும்டி.”

“முடிஞ்சிதானே பூட்ச்சி. எழுதாங்காட்டி மட்டும் கண்ணு வந்துடுமா?”

அதற்குள் மகளுக்குப் பிரசவம், வெள்ளிமலைக்கும் வடக்கனந்தலுக்கும் நடை, வீட்டில் தொட்டில். தாள் அலமாரிக்குள் போனது. பாய்லர் பற்றவைக்கிற சமயத்தில் யோஹானாவிடமிருந்து போனில் செய்தி வந்தது. பேன் எல்லாம் கழுவியாகிவிட்டது, உன் ஸ்டூலுக்குக் கால் மாற்றிவிட்டேன், எப்போது வருகிறாய் என்று. நம் பக்கத்தில் ஒருவரிடம் இல்லை என்று சொல்ல முடியாதபோது என்ன சொல்வோம்? பார்க்கலாம் என்போம். கேட்டவரும் புரிந்துகொண்டு போய்விடுவார். நான் அதற்குச் சுவாஹிலியில் எனக்குத் தெரிந்த வார்த்தையைப் போட்டு அனுப்பினேன். ‘டுட்டாஒனானா.’ அங்கே அதற்கு அர்த்தம், நாம் சந்திப்போம்.

வாசலில் சொன்ன முதல் வார்த்தை பழக்கத்தில் வந்தது, அதை மன்னித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டாவதை நான் யோசித்துத்தான் அனுப்பினேன்.

அந்தப் பருவத்தின் பாதியில் வீராசாமிக்கு நெஞ்சுவலி வந்து ஊரோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். புது மேலாளர் வந்தார், வரும்போதே தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து தலைமை ஃபுண்டியாக நிறுத்திவிட்டார். வெளியூர்க்காரர்தான். யோஹானாவிடம் அவர் பேர் ஏன் பலகைக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கடிதம் போகாததால்தான் என்று எனக்குத் தெரியும் அல்லவா. அவரும் அதைப் பற்றி எழுதவில்லை. பண்டிகைக்கு வாழ்த்து, பேரனின் போட்டோ, மழை வந்தால் மழை வந்தது என்று ஒரு வரி. இப்படி மூன்று வருஷம் போனது.

போன வாரம்தான் முழுசும் கேட்டேன். அவருக்கு வயதாகிவிட்டது, இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. இன்னும் ஆறு ஷிப்டுதான் பாக்கி. வேலையை முடித்துக்கொண்டு தெற்கே மகன் வீட்டோடு போகப் போகிறார். கட்டிலுக்கு அடியில் இருக்கிற என் பெட்டியை என்ன செய்வது என்று கேட்கத்தான் கூப்பிட்டார். பேச்சு அங்கிருந்து இங்கே வந்தது.

அரவை ஆரம்பித்த மூன்றாவது வாரம் வீராசாமி யோஹானாவைக் கூப்பிட்டாராம். அவன் எழுதவில்லை, என்னால் இதற்கு மேல் காத்திருக்க முடியாது, உன் பேரை எழுதிவிடவா, ஆமா, இல்லை என்று கேட்டாராம். கையில் சாக்பீஸைக்கூட எடுத்துவிட்டாராம். யோஹானா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

“ஏன்?” என்றேன்.

“நீ வரேன்னு சொன்னியே. போன்லயும் சந்திப்போம்னு அனுப்பினே. பதினஞ்சி தடவ சொல்லி பதினஞ்சி தடவயும் வந்தவன். கண்ணாடி வேற பெட்டியில கெடக்குது. வரமாட்டேன்னு இருக்கிறவன் கண்ணாடிய வுட்டுட்டுப் போவானா?”

“என் கண்ணு போனது உனக்குத் தெரியுமே.”

“தெரியாம? அதுக்கு நான்தான் இருக்கேனே. எப்பவும் மாதிரி நீ புடி, நான் பாக்கிறேன். அப்படி ஓட்டிடலாம்னுதான் நெனச்சேன்.”

பக்கத்தில் பஸ் வந்து நின்றது. மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். யாரோ என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், டாக்டரைப் பற்றி, பிரசவத்தைப் பற்றி, நம் ஊரில் போறேன் என்று சொல்லக் கூடாது என்பதைப் பற்றியெல்லாம். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், வரேன்னா வரேன்னு சொல்லு, வரலைன்னா வரலைன்னு சொல்லு என்று.

பஸ் கிளம்பிப் போனது.

“வரலை, ஃபுண்டி” என்றேன். “நான் வரமாட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் என்று சொல்ல முடியாது. போனை எதன் மேலோ சாய்த்து வைத்தார், எனக்குக் கூரைத் தகரமும் ஜன்னலில் பாதியும் தெரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பூட்டு உடனே திறந்துகொண்டது, எண்ணெய் போட்டே வைத்திருந்திருக்கிறார். லுங்கியை எடுத்துக் காட்டி, நேமாவுக்குத் தரை துடைக்க ஆகும் என்றார். செருப்பைக் காலில் நுழைத்துப் பார்த்து, குதிகால் ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது என்றார், கழற்றிப் போட்டார். நோட்டைத் தபாலில் அனுப்புகிறேன் என்றார். கடைசியில் துணியைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்தார். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒன்றுமில்லாத அதை, பாகு தடவியது போலவே ரொம்ப நேரம் பார்த்தார்.

அங்கே மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்டு. கண்ணாடியைத் தன் சட்டைப் பையில் போட்டார், பித்தானை மாட்டினார், போனை அணைக்க மறந்து வேலைக்குக் கிளம்பிப் போனார்.